ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஒரு மலிவு டிக்கெட்

விமான டிக்கெட் விற்பவனிடமிருந்து யாரும் முழுத் திருப்தியோடு எழுந்து போனதில்லை. வாங்கியவருக்கு, இரண்டு நாள் பொறுத்திருந்தால் விலை இறங்கியிருக்குமோ என்ற சந்தேகம். வாங்காதவருக்கு, அன்றைக்கே வாங்கியிருக்கலாமே என்ற வருத்தம். இரண்டுக்கும் காரணம் நான்தான் என்பதில் மட்டும் இரு தரப்பும் ஒற்றுமையாக இருப்பார்கள்.

பூந்தமல்லி டிரங்க் ரோட்டில் ஒரு மருந்துக் கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில் என் கடை. இரண்டு மேசை, இரண்டு கம்ப்யூட்டர். ஒன்றில் பிரேமா உட்கார்ந்திருப்பார். ரயில், பஸ், பாஸ்போர்ட் விண்ணப்பம் எல்லாம் அவர் கணக்கு. பத்து வருடமாக என்னிடம் வேலை செய்கிறார். அதில் எட்டு வருடமாக என்னைத் திட்டுகிறார். விமானம் என் தலையில்.

இதைப் படிக்கிற நீங்களும் ஒரு தடவையாவது போனைக் கையில் வைத்துக்கொண்டு மலிவு டிக்கெட் தேடியிருப்பீர்கள். பெயர், வயது எல்லாம் அடித்து முடிப்பதற்குள் விலை ஏறியதைப் பார்த்து வெறுத்துப்போயிருப்பீர்கள். நீங்கள் வருடத்தில் ஒரு நாள் படுகிற பாட்டை நான் ஞாயிறு மத்தியானம் தவிர எல்லா நாளும் படுகிறேன். அவ்வளவுதான் வித்தியாசம்.

பெட்டி இல்லாத விலை

ஆவடியிலிருந்து ஒருவர் வந்தார். தனியார் கம்பெனி ஒன்றில் சூப்பர்வைசர். மனைவி, இரண்டு பிள்ளைகளோடு டெல்லி போக வேண்டும். உட்கார்வதற்கு முன்பே போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார். ஒரு ஆளுக்கு நாலாயிரத்துச் சொச்சம் என்று காட்டியது. "இதவிட கம்மியா உங்களால போட முடியுமா?" என்று கேட்டார். கேட்ட தோரணையில், முடியாது என்ற பதிலை அவரே வீட்டிலிருந்து எழுதிக்கொண்டு வந்த மாதிரி இருந்தது.

நானும் அதே விமானத்தைத் திறந்தேன். அதே விலைதான். பெட்டி எத்தனை என்று கேட்டேன். மூன்று என்றார். அது பெட்டி இல்லாத விலை. மூன்றுக்கும் தனியாகக் கட்டணம். பிள்ளைகள் பக்கத்தில் உட்கார வேண்டுமா என்று கேட்டேன். பின்னே, எதிர்வீட்டுக்காரன் பக்கத்திலா உட்காரும் என்றார். அதற்கும் தனியாகக் கட்டணம். நடுவில் சாப்பிட ஏதாவது? அதற்கும். எல்லாம் சேர்த்துத் திரையில் வந்த தொகையை அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இன்னொரு தடவை பார்த்தார். பிறகு எழுந்தார். கதவைத் திறந்து பிடித்துக்கொண்டே கேட்டார்: "பெட்டியும் இல்லாம, சீட்டும் இல்லாம, சாப்பாடும் இல்லாம அந்த வெலைக்குப் போறவன் யாருணா, காக்காவா?"

தாய்மாமன்

செல்வி நசரத்பேட்டைக்காரர். திருமழிசையில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை. ஷிப்ட் முடிந்து, நீலக் கோட்டைக்கூடக் கழற்றாமல் வந்தார்.

"மஸ்கட்லேந்து மெட்ராஸ் வர்றதுக்கு எவ்ளோணா ஆவும்?"

வருவது அவருடைய அண்ணன் குமார். செல்வியின் மூன்று வயது மகளுக்கு மொட்டை போட்டுக் காது குத்துகிறார்கள். தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் இரண்டையும் செய்ய வேண்டும். ஒரு திங்கட்கிழமை, காலை ஒன்பதிலிருந்து பத்தரை வரை முகூர்த்தம். அதற்குள் அவர் வந்து சேர வேண்டும். நேரில் மட்டும் வந்தால் போதும், சீர் எதுவும் வேண்டாம் என்றார் செல்வி.

மஸ்கட்டில் சம்பாதிக்கிற அண்ணனுக்குத் தங்கை ஏன் டிக்கெட் எடுக்க வேண்டும் என்று கேட்டேன். நான் கேட்டிருக்கக் கூடாது. பிரேமா என்னை முறைத்தார்.

"நாலு வருஷமா பேச்சு வார்த்த கெடயாதுணா. எங்கப்பா செத்தப்போ அவன் வரல. கேட்டா டிக்கெட் கெடக்கலன்னான். அப்பன் சாவுக்கு வர்றதுக்குமா டிக்கெட் கெடக்காது? அத்தோட வுட்டுட்டேன். இப்போ என் மாமியார், 'உங்கண்ணன் வருவானா, இல்ல என் பக்கத்து ஆள குந்த வெக்கட்டுமா'ன்னு தெனம் கேக்குது." ஓவர்டைம் பார்த்துச் சேர்த்த பணத்தைக் கைக்குட்டையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தார். "பத்திரிக அனுப்பினா சாக்கு சொல்வான். டிக்கெட்டையே அனுப்பிட்டா? இந்தத் தபா கெடக்கலன்னு சொல்ல முடியாதுல்ல?"

எந்த ஊர் ராகு

அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறை வைத்திருப்பவர் ஒருவர், இயந்திரக் கண்காட்சி பார்க்க துபாய் போகக் கிளம்பினார். புதன்கிழமை மலிவாக ஒரு விமானம் கிடைத்தது. இங்கே காலை ஒன்பது ஐம்பதுக்குப் புறப்பட்டு, அங்கே பன்னிரண்டு இருபதுக்கு இறங்கும். பணத்தை எடுக்கப் போனவர் சுவரில் தொங்கிய தினசரி காலண்டரைப் பார்த்துக் கையை நிறுத்தினார். புதன்கிழமை பன்னிரண்டிலிருந்து ஒன்றரை வரை ராகு காலம்.

கிளம்புகிற நேரம்தானே கணக்கு என்றேன். புது ஊரில் கால் வைக்கிற நேரமும் கணக்குதான் என்றார். துபாய் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால். அவர் இறங்கும்போது இங்கே மணி ஒன்று ஐம்பது, நம் ராகு காலம் முடிந்து இருபது நிமிடம் ஆகியிருக்கும் என்று பிரேமா தாளில் எழுதிக் காட்டினார். அவர் தாளை வாங்கி வெகுநேரம் பார்த்தார். கடைசியில் நாலாயிரம் ரூபாய் கூடுதலாகக் கொடுத்து வியாழக்கிழமைக்கு மாற்றிக்கொண்டார். "நம்ம ஊர்ல முடிஞ்சிடுச்சு, சரி. அங்கத்திய கடியாரத்துல அது இன்னும் நடந்துகினு கீதே, ராகு இன்னா நம்ம கடியாரமா கட்டிகினு கீறாரு?"

வரேன்னு சொல்லிடு

செல்வி பத்து நாள் வந்தார். பால் பாக்கெட் வாங்க வருகிற மாதிரி வருகிறார் என்றார் பிரேமா. தினமும் அதே ஸ்டூலில் உட்கார்ந்து, "இன்னிக்கி இன்னா வெல?" என்று கேட்பார். நான் சொல்லுவேன். கைக்குட்டையைத் திரும்ப இடுப்பில் செருகிக்கொண்டு போவார். பணம் போதவில்லை. கொஞ்சம் நான் போடட்டுமா என்று ஒரு நாள் கேட்டேன். அண்ணனைக் கூப்பிடுவது தன்னுடைய காசில்தான் இருக்க வேண்டுமாம்.

பதினோராவது நாள் விலை சரிந்தது. ஒரே ஒரு விமானம். மற்றதைவிடச் சில ஆயிரம் குறைவு. ஞாயிற்றுக்கிழமை, பன்னிரண்டு நாற்பது. செல்வி கம்பெனியில் இருந்தார். போன் போட்டேன்.

"ஞாயித்துக்கிழம ராத்திரி பன்னெண்டு நாப்பதுக்கு மஸ்கட்ல ஏறினா, திங்கக்கிழம விடியக்காலைல இங்க இருப்பாரும்மா. நேர் ஃப்ளைட்டு. போட்டுடட்டுமா?"

"போட்டுடுணா, போட்டுடு! ஏறிடப் போவுது!"

போட்டேன். பெயர் சரி, வீட்டில் கிடந்த பழைய நகலைப் பார்த்துச் செல்வி கொடுத்திருந்த பாஸ்போர்ட் எண்ணும் சரி. குமாரின் போனுக்கு அனுப்பிவைத்தேன். மாலையில் செல்வி வந்து பணத்தைக் கொடுத்துவிட்டு, தன் போனை மேசைமேல் வைத்துக் குமார் அனுப்பிய குரல் செய்தியைப் போட்டுக் காட்டினார். நாலு வருடத்தில் முதல் பேச்சு. ஒரு வரிதான். "டிக்கெட்டு வந்துச்சு. வரேன்னு சொல்லிடு."

அதை யாரிடம் சொல்லச் சொல்கிறார் என்று பிரேமாவுக்குப் புரியவில்லை. செல்வி சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. "என்கிட்ட சொல்லச் சொல்லி என்கிட்டயே சொல்றான், திமிரு புடிச்சவன்."

நேற்றே போன விமானம்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை பதினொன்று இருக்கும். செல்வி கடைக்குள் வந்தார். ஒரு கையில் பூ மாலைப் பை. இன்னொரு கையில் போன். போனுக்குள் குமார் கத்திக்கொண்டிருந்தார்.

"அண்ணாத்தே, இன்னா டிக்கெட்டு போட்டுக்கினு கீற நீ? போர்டிங் பாஸ் எடுக்கலாம்னு பாக்கறேன், ஃப்ளைட்டு பூடுச்சுன்னு வருது! நான் இன்னும் ரூம்லதான்யா கீறேன்!"

டிக்கெட்டைத் திறந்து பார்த்ததும் தப்பு கண்ணில் பட்டது. நம் ஊரில் பொழுது விடிந்தால்தான் அடுத்த நாள். சனிக்கிழமை சினிமாவுக்குப் போய் ஒரு மணிக்கு வீட்டுக்கு வந்தாலும் அது சனிக்கிழமை ராத்திரிதான். விமானக் கம்பெனிக்கு அப்படி இல்லை. பன்னிரண்டு அடித்தால் தேதி மாறிவிடும். ஞாயிறு பன்னிரண்டு நாற்பது என்றால் நாமெல்லாம் சனிக்கிழமை ராத்திரி என்று சொல்லும் நேரம். குமார் ஏறவேண்டிய விமானம் அவர் தூங்கிக்கொண்டிருந்தபோதே கிளம்பி, காலை ஆறு மணிக்குச் சென்னையில் இறங்கியும் விட்டது.

இது தெரியாதவன் இல்லை நான். ஞாயிறு என்று தேதி போட்ட நடுராத்திரி விமானம் என்றால், 'சனிக்கிழமை ராத்திரிச் சோறு வீட்டில், உடனே கிளம்பவும்' என்று சிவப்புப் பேனாவால் எழுதிக் கொடுப்பது என் வழக்கம். அன்றைக்கு விலை ஏறிவிடுமோ என்ற பதற்றத்தில் என் வாயே 'ஞாயித்துக்கிழம ராத்திரி' என்று சொல்லிவிட்டது. தாளாகக் கொடுக்காததால் பேனாவும் வேலை செய்யவில்லை. இதைச் செல்வியிடம் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. "அப்போ நாளைக்கி?" என்று மட்டும் கேட்டார்.

தேட ஆரம்பித்தேன். அன்றிரவு நேர் விமானத்தில் இடமே இல்லை. மும்பை வழியாக வந்தால் மத்தியானம். கொழும்பு வழியாக வந்தால் சாயங்காலம். ஹைதராபாத் வழியாக ஒரு இடம் காட்டியது. குமார் பெயரை அடித்து, பணம் கட்டப் போனால் அதுவும் போய்விட்டது. செல்வி ஸ்டூலை இழுத்து என் பக்கத்தில் போட்டுக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு தடவை 'இடமில்லை' என்று வரும்போதும் போனில் குமார், "இன்னா ஆச்சு?" என்பார். செல்வி, "இல்லியாம்டா" என்பார். "சரி, வேற பாரு." "பாத்துகினுதான் கீறாரு, கம்முனு இரு." இப்படியே மூன்று மணி நேரம். மதியம் மூட வேண்டிய கடையை மூட முடியவில்லை. பிரேமாவும் வீட்டுக்குப் போகவில்லை. யாரும் எதுவும் சாப்பிடவில்லை.

கடைசியில் பெங்களூருக்கு ஒரு இடம் கிடைத்தது. மஸ்கட்டில் இரவு ஒன்பதரைக்குக் கிளம்பி இரண்டு இருபதுக்குப் பெங்களூர். அங்கிருந்து காலை ஏழு நாற்பதுக்குச் சென்னை விமானம். எட்டே முக்காலுக்கு இறங்கினால் பத்து மணிக்குள் நசரத்பேட்டை. இரண்டு டிக்கெட்டும் என் செலவு என்று சொன்னேன். யாரும் மறுக்கவில்லை. எந்த நாள் கிளம்ப வேண்டும் என்று குமாரைத் திருப்பிச் சொல்லச் சொன்னேன். "இன்னிக்கி. இன்னிக்கேதான். பகல் சோறு துன்னுகினு கீறேன், ராத்திரி ஏறப்போறேன், போதுமா?" என்று போனை வைத்தார்.

செல்வி உடனே எழுந்திருக்கவில்லை. திரையில் இன்னும் சிவப்புச் சிவப்பாக 'இடமில்லை' என்று வரிசையாக இருந்தது. அதைப் பார்த்தபடியே கேட்டார்: "அப்போ, எங்கப்பா செத்தப்பவும் அவனுக்கு நெஜமாவே கெடக்கலியாணா?"

ஏறின நாள், இறங்கின நாள்

திங்கட்கிழமை கடையைப் பிரேமாவிடம் விட்டுவிட்டு நசரத்பேட்டைக்குப் போனேன். அழைத்தார்கள் என்று போகவில்லை. கடையில் உட்கார முடியவில்லை.

பெங்களூர் ஹைவேயை ஒட்டிச் சின்ன அம்மன் கோயில். ஒன்பது மணிக்கெல்லாம் முடி எடுப்பவர் கத்தியோடு தயார். காது குத்தும் ஆசாரி, அடுத்த இடம் குன்றத்தூரில் என்று இரண்டு தடவை சொல்லிவிட்டார். எட்டே முக்காலுக்கு விமானம் இறங்கிவிட்டதாக என் போன் காட்டியது. விமான நிலையத்துக்கு எனக்குத் தெரிந்த டிரைவரை அனுப்பியிருந்தேன். ஒன்பதரைக்கு அவர் போன் போட்டார். எல்லோரும் வெளியே வந்தாகிவிட்டது. குமார் என்று யாரும் வரவில்லை. குமாரின் போனைப் போட்டுப் பார்த்தால் அணைத்திருந்தது.

செல்வியின் மாமியார் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தார். "எத்தினி நேரம்மா வெயில்ல நிக்க வெப்ப? எந்தம்பி புள்ள கீறான்ல, அவன் மடியில குந்த வெச்சு முடி. உங்கண்ணன் வந்தா பாத்துக்கலாம்."

"பத்தர வரைக்கும் டைம் கீது அத்தே."

"டைமு கீது, ஆளு?"

செல்வி என் பக்கம் திரும்பினார். நான் போனைப் பார்த்தேன். வேறு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

பத்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது ஹைவேயில் ஒரு அரசு பஸ் நின்றது. முன்படியிலிருந்து ஒருவர் இறங்கினார். கயிறு கட்டிய பெரிய பெட்டி. அதை இழுத்துக்கொண்டு ரோட்டைக் கடக்க முடியாமல், தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு ஓடி வந்தார். செல்வி அவரைப் பார்த்தார். நாலு வருடத்துக்கும் சேர்த்து ஏதாவது சொல்லுவார் என்று நினைத்தேன். "மூஞ்ச கழுவிகினு வந்து குந்து, டைம் ஆவுது" என்றார். அவ்வளவுதான்.

குமார் குந்தினார். குழந்தை அழுதது. முன்பின் பார்க்காத மாமன், கத்தி, ஊசி, மூன்றுக்கும் சேர்த்து அழுதது. பத்தரைக்கு ஐந்து நிமிடம் முன்னால் எல்லாம் முடிந்து, ஆசாரி குன்றத்தூருக்குக் கிளம்பினார்.

பெங்களூரிலிருந்து எடுத்த விமான டிக்கெட் என்ன ஆயிற்று என்று மெதுவாகக் கேட்டேன். அதை அவர் தொடவே இல்லை. கூடப் பறந்த ஸ்ரீபெரும்புதூர்க்காரர் ஒருவரைக் கூட்டிப்போக வேன் வந்திருந்ததாம். அதில் ஏறிக்கொண்டு, ஸ்ரீபெரும்புதூரில் பஸ் மாறியிருக்கிறார். போனில் சார்ஜ் இல்லை. என் தோளில் கை வைத்து, கோபமே இல்லாமல் விளக்கினார்: "தப்பா நெனச்சுக்காத அண்ணாத்தே, பிளேனுல நாளு இன்னா நாளுன்னு உனக்கே தெரில, பஸ்ஸுன்னா ஏறின நாளுதான் எறங்கற நாளு."

விலை இறங்கட்டும்

பந்தியில் என்னைக் குமாருக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். பரிமாறிக்கொண்டு வந்த செல்வி, அண்ணன் இலைக்கு முன்னால் நின்றார். சாம்பார் ஊற்றிக்கொண்டே, அவர் முகத்தைப் பார்க்காமல், "நேத்து மூணு மணி நேரம் இவரு பக்கத்துல குந்திகினு பாத்தேன். ஒரு சீட்டு கெடக்கல" என்றார். குமார் அப்பளத்தை உடைத்தார். "ம்" என்றார். செல்வி இன்னும் கொஞ்சம் சாம்பார் ஊற்றினார். அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது. அதில் என்ன பேசி முடித்தார்கள் என்பது பந்தியில் இருந்த மற்ற யாருக்கும் தெரியாது.

சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது குமார் தொழில் பேச்சுக்கு வந்தார். ஒரு மாதம் லீவு இருக்கிறது. ஆனால் ஒரு வாரத்தில் திரும்பிவிடலாம் என்று நினைத்துத்தான் வந்தாராம். திரும்பிப் போக டிக்கெட் என்ன விலை என்று கேட்டார். போனில் பார்த்துச் சொன்னேன். பள்ளி விடுமுறை நேரம், எக்கச்சக்கமாக இருந்தது. அடுத்த வாரம் இறங்கலாம், இறங்காமலும் போகலாம் என்று வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன். செல்வி சாம்பார் வாளியோடு எங்கள் பின்னால் நின்றது எனக்குத் தெரியாது.

"நீ ஒண்ணும் போடாதணா," என்றார். "வெல எறங்கறப்போ பாத்துக்கலாம். அதுவரிக்கும் இவன் இங்கயே கெடக்கட்டும்."

மறுநாள் காலையிலேயே அந்த விலை மூவாயிரம் இறங்கியது. இருபத்தைந்து வருடத் தொழிலில் ஒரு மலிவு டிக்கெட்டைப் பார்த்துவிட்டு யாரிடமும் சொல்லாமல் திரையை மூடியது அந்த ஒரு தடவைதான்.